பந்து ஏன் இடப்பக்கமே போகிறது? வீ முதல் ஸ்விட்ச் வரை கையசைவின் துல்லியம்

செந்தூலில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பழைய வீ (நின்டெண்டோவின் Wii கேம் கன்சோல்) ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு அதே நிறுவனத்தின் புதிய கன்சோலான ஸ்விட்ச் வாங்கினோம். அப்பாவுக்கு 68 வயது, இரண்டிலும் பௌலிங் விளையாடுவார். வீயில் பந்து நேராகப் போனது. ஸ்விட்சில் எப்படி உருட்டினாலும் இடப்பக்கமே போகிறது. புதியதுதானே துல்லியமாக இருக்க வேண்டும்? வீ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், இவற்றில் எதன் கையசைவு உணர்வு உண்மையிலேயே துல்லியமானது?"

கடைசி வரியில் கேட்டது எது சிறந்த கருவி என்று. ஆனால் உங்களை உறுத்துவது அதற்கு முன்னால் சொன்னதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவின் கை செய்ததைத் திரை ஏன் செய்யவில்லை, பிசகு கருவியிலா, ஆட்டத்திலா, கையிலா? இரண்டாவதைப் புரிந்துகொண்டால் முதலாவதுக்குத் தானாகவே பதில் வந்துவிடும். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் அசைவு சென்சார்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது ஜெலுத்தோங்கில் வீட்டிலேயே பழைய கன்ட்ரோலர்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். ஆட்டங்களுக்கு நிரல் எழுதியவன் அல்ல. அதனால் சென்சாரைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். ஆட்டத்துக்குள் நடக்கும் கணக்கைப் பற்றிச் சொல்லும்போது அது கையால் ஆடிப் பார்த்து ஊகித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழாவில் உறியடி பார்த்திருப்பீர்கள். கண்ணைக் கட்டி, இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுத்து நட என்பார்கள். தான் எவ்வளவு திரும்பினோம் என்பது கண் கட்டியவருக்கு ஓரளவு தெரியும், காதுக்குள் இருக்கும் உறுப்பு அதைச் சொல்கிறது. முதல் இரண்டு அடி சரியாகவே வைப்பார். போகப் போகத் திசை பிசகும். பானையை விட்டு விலகிப் போய்க் காற்றில் அடிப்பார். கட்டை ஒரு நொடி அவிழ்த்துவிட்டால் போதும், மறுபடி சரியாகிவிடுவார். அசைவை உணரும் கன்ட்ரோலர்களும் இப்படித்தான். சில, உள்ளே இருக்கும் உணர்வை மட்டும் நம்பிக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவை. சில, வெளியே அசையாமல் இருக்கும் ஒன்றைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்பவை. எந்தக் கன்சோல் துல்லியம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதற்குக் கண் கட்டியிருக்கிறதா என்பதைத்தான். வயதும் விலையும் அப்புறம்.

கண் கட்டிய ஆளுக்கு உள்ளே இரண்டு உறுப்புகள். ஆக்சிலரோமீட்டர் என்பது சிலிக்கானில் செதுக்கிய ஒரு குட்டி எடை, மெல்லிய வில்களில் தொங்குகிறது. கருவி அசைந்தால் எடை பின்தங்கும், பக்கத்துத் தகடுகளோடு அதன் இடைவெளி மாறும், அந்த மாற்றத்தை மின்சாரமாக அளக்கிறோம். கருவி சும்மா கிடக்கும்போதும் அது பூமியின் ஈர்ப்பை உணர்ந்துகொண்டே இருப்பதால் கீழ்ப்பக்கம் எது என்று அதற்குத் தெரியும். கைரோ என்பது இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் எடை. கருவி திரும்பும்போது கோரியாலிஸ் விசையால் அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்று விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து வினாடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்று சொல்லலாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்பையும் ஆறு பக்கமும் புரட்டி ஈர்ப்பைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். சுழல் மேசையில் நமக்குத் தெரிந்த வேகத்தில் சுற்றி, கைரோ அதே எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்போம். பிசகைத் திருத்தும் எண்களை அந்தச் சிப்பிலேயே எழுதிவிடுவோம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பூச்சியம் முழுப் பூச்சியமாக இருக்காது. மேசையில் அசையாமல் கிடக்கும் கைரோ, தான் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதாகச் சொல்லும். போர்டில் சூடாக்கி ஒட்டும்போது அந்தப் பூச்சியம் கொஞ்சம் நகரும். குளிர்சாதன அறையில் இருந்து வெக்கையான ஹாலுக்குக் கொண்டுவந்தால் இன்னும் கொஞ்சம் நகரும். அதனால்தான் கன்ட்ரோலர் செய்பவர்களும் தங்கள் பங்குக்கு அளந்து, திருத்த எண்களைக் கன்ட்ரோலரின் நினைவகத்தில் எழுதி அனுப்புகிறார்கள்.

சின்னப் பிசகுதானே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். பூச்சியம் வினாடிக்கு 1 டிகிரி தவறினால் ஒரு நிமிடத்தில் 60 டிகிரி. டிவியைப் பார்த்து நிற்பவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்து நிற்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். ஆக்சிலரோமீட்டரை வைத்துக் கை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போனால் இன்னும் மோசம், ஏனென்றால் வேகத்துக்கு ஒரு முறை, இடத்துக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கூட்ட வேண்டும். ஈர்ப்பின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால்கூட 10 வினாடியில் அரை மீட்டர், ஒரு நிமிடத்தில் 17 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். ஆகவே உள் சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டு, கை அறையில் எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து சொல்லும் கன்ட்ரோலர் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும், அதையும் அரைகுறையாக. மேலும் கீழும் சாய்வதையும் பக்கவாட்டில் சரிவதையும் ஈர்ப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இடமாகவோ வலமாகவோ திரும்புவதற்கு அந்த உதவி கிடையாது. தோசைக்கல்லைச் சாய்த்தால் மாவு ஓடும். அடுப்பிலேயே வைத்துக் கைப்பிடியை இடமும் வலமும் சுற்றினால் மாவு ஓடாது. ஈர்ப்புக்குச் சாய்வு தெரியும், சுற்று தெரியாது. உங்கள் அப்பாவின் பந்து விவகாரம் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

இனி வீ. 2006 நவம்பரில் வந்த வீ ரிமோட்டில் கைரோவே கிடையாது. அனலாக் டிவைசஸ் செய்த ஏடிஎக்ஸ்எல் 330 என்ற ஆக்சிலரோமீட்டர் ஒன்று மட்டும், மூன்று திசையிலும் அளக்கும், ஆனால் ஈர்ப்பைப் போல 3 மடங்கு வரைக்கும்தான். தோளில் இருந்து உள்ளங்கை வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்து, டென்னிஸ் அடிப்பது போல வினாடிக்கு ஒன்றரைச் சுற்று என்ற வேகத்தில் கையை வீசினால் ரிமோட்டில் ஈர்ப்பைப் போல 6 மடங்கு விசை வரும். சென்சார் பாதியிலேயே நிரம்பிவிடும். இந்த நேரத்தில் ஒரு பெரிய வீச்சு நடந்தது என்பது தெரியும், கை எந்த வளைவில் போனது என்பது தெரியாது. பிள்ளைகள் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சொடுக்கி ஜெயித்ததற்கு இதுதான் காரணம். ஆட்டம் எழுதியவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் தாராளமாக எழுதினார்கள் என்பது என் ஊகம். கொஞ்சம் கோணலாக வீசினாலும் பந்து நேராகப் போகும்படி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வீ துல்லியமாகத் தோன்றியதில் இந்த விட்டுக்கொடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் வீயிடம் திறந்த கண் ஒன்று இருந்தது, அதை யாரும் போதுமான அளவு பாராட்டவில்லை. ரிமோட்டின் முன்பக்கம் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் அகச்சிவப்புக் கேமரா. அசல் படம் 128க்கு 96 புள்ளிகள்தான், ஆனால் ஒளிப்புள்ளியின் நடுவை உள்ளேயே கணக்கிட்டு 1024க்கு 768 என்ற நுணுக்கத்தில் சொல்லும். ஒரே நேரத்தில் 4 புள்ளிகள் வரை பின்தொடரும். டிவியின் மேல் வைக்கும் சென்சார் பாரில் சென்சார் எதுவும் இல்லை, பெயர்தான் அப்படி. சுமார் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். ரிமோட் அந்த விளக்குகளைப் பார்க்கிறது. விளக்கு நகராது, அதனால் ஒரு மணி நேரம் ஆடினாலும் அம்புக்குறி தன் இடத்தைவிட்டு வழுவாது. பார் பழுதானவர்கள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஆடியதும் உண்டு. சுடரிலும் அகச்சிவப்பு இருக்கிறது.

அந்தச் சுடர் தொல்லையும் கொடுக்கும். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை மட்டும் அம்புக்குறி குதிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மற்ற நாளில் ஒன்றும் இல்லை. ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மா விளக்கேற்றியபோதுதான் புரிந்தது. ஹாலில் டிவிக்குப் பக்கத்திலேயே சாமி மேடை. குத்துவிளக்கில் ஐந்து திரி. ரிமோட் பாரின் விளக்கை விட்டுவிட்டுச் சுடரைப் பிடித்துக்கொண்டது. விளக்கை நகர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிவியை 2 அடி தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் வீயை மறுபடி எடுத்தால் டிவிக்கு அருகே விளக்கு, பின்னால் வெயில் விழும் கண்ணாடிக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.

2009 ஜூனில் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவி வந்தது, ரிமோட்டின் அடியில் செருகுவது. அதில்தான் மூன்று திசைக்கும் கைரோ. வாளைச் சாய்த்துப் பிடித்தால் திரையிலும் வாள் சாய்ந்தது. உள்ளே கைரோ, வெளியே பார்க்கும் கேமரா, இரண்டும் ஒரே கையில். கைரோ வழுவினாலும், ரிமோட் டிவியைப் பார்க்கும் நேரத்தில் திருத்திக்கொள்ள வழி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் ரிமோட்டைக் கவிழ்த்து மேசையில் வை என்று கேட்கும். பலர் அதை வேண்டாத சடங்காக நினைத்துக் கையிலேயே பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சில வினாடியில்தான் கைரோ தன் பூச்சியத்தைப் படிக்கிறது, அதைக் கெடுத்தால் ஆட்டம் முழுக்கக் கெடும்.

2010 செப்டம்பரில் வந்த பிளேஸ்டேஷன் மூவ், துல்லியம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்த டிவிக் கன்ட்ரோலர் என்பது என் முடிவு. தலையில் ஒளிரும் உருண்டை, விட்டம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். டிவியின் மேல் கேமரா. உருண்டையின் அளவு முன்கூட்டியே தெரியும் என்பதால், படத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். கூடவே ஆக்சிலரோமீட்டர், கைரோ, காந்தமானி. அதாவது இடவலத் திருப்பத்துக்கும் ஒரு திசைகாட்டி. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே துல்லியம் அல்ல. அந்தக் கேமரா குறுகிய கோணமான 56 டிகிரியில் 640 புள்ளி அகலம் பார்க்கிறது. 3 மீட்டர் தூரத்தில் அது சுமார் 3.2 மீட்டர் அகலம், ஒரு புள்ளிக்கு 5 மில்லிமீட்டர். பக்கவாட்டில் கை அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் தெரியும். ஆனால் உருண்டை அந்தத் தூரத்தில் 9 புள்ளி அகலம்தான் தெரியும். அளவில் ஒரு புள்ளி பிசகினால் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்கு மேல் பிசகு. விளிம்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்து மென்பொருள் இதை வெகுவாகக் குறைத்துவிடுகிறது, ஆனாலும் பக்கவாட்டுத் துல்லியம் முன்பின் நகர்வுக்கு வராது. ஆறு ஆண்டு கழித்து 2016இல் பிளேஸ்டேஷன் விஆர் என்ற தலையில் மாட்டும் திரை வந்தபோது, கைக்கு இதே மூவைத்தான் கொடுத்தார்கள். அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பதற்கு அது ஒரு சாட்சி.

கைனெக்ட் வேறு சாதி. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த கேமரா அது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம். அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிக்கோலம் ஒன்றைத் தெளித்து, அந்தக் கோலம் எங்கே எப்படிச் சிதைகிறது என்று பார்த்து ஆழத்தைக் கணக்கிடும். வினாடிக்கு 30 படம். உடம்பில் 20 மூட்டுகளை அடையாளம் காணும். முழு உடம்பையும் பார்ப்பதில் அதற்கு ஈடு இல்லை, பௌலிங் போன்ற நுணுக்கமான வேலைக்கு அதை நான் நம்ப மாட்டேன். முன்கை சுழல்வது அதற்குத் தெரியாது, மணிக்கட்டை முறுக்கினால் காணாது. தூரம் இரட்டிப்பானால் ஆழத்தில் பிழை நான்கு மடங்காகும், 5 மீட்டரில் சில சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு படம் எடுக்கவே 33 மில்லி வினாடி, அப்புறம் மூட்டுகளைத் தேட வேண்டும், டிவி காட்ட வேண்டும். மொத்தத் தாமதம் சுலபமாக 100 மில்லி வினாடியைத் தாண்டும். ஒருவருக்கே 6 அடி இடம், இருவருக்கு 8 அடி என்று கேட்டது, நம் அடுக்குமாடி ஹாலில் சோபாவை வெளியே போட்டால்தான் அது கிடைக்கும். சேலையோ பாஜு கூரோங்கோ உடுத்தி நின்றால் கால் மூட்டு எது என்று குழம்புவதையும் பார்த்திருக்கிறேன். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த இரண்டாவது கைனெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தது, 25 மூட்டு, 6 பேர் வரை. நன்றாக முன்னேறியிருந்தது. ஆனால் 2017இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கைரோகூட இல்லை, அதனால் உங்கள் பட்டியலில் இருந்து எக்ஸ்பாக்ஸை எடுத்துவிடலாம்.

பிளேஸ்டேஷன் 3இன் சிக்ஸ்ஆக்சிஸ் கன்ட்ரோலரில், பெயரில் ஆறு அச்சு இருந்தாலும் கைரோ ஒரே திசைக்குத்தான். பிளேஸ்டேஷன் 4இன் டூயல்ஷாக் 4, பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் இரண்டிலும் முழுக் கைரோவும் ஆக்சிலரோமீட்டரும் இருக்கின்றன, குறி பார்க்க அருமையாக உதவும், ஆனால் கையை வீசும் ஆட்டத்துக்கு அவை பிறக்கவில்லை. 2023இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர் 2, தலைக்கவசத்தில் நான்கு கேமரா வைத்துக் கையைப் பின்தொடர்கிறது. கையின் இடத்தைச் சொல்வதில் இந்தப் பேச்சிலேயே அதுதான் முதலிடம். 68 வயதுக்காரர் தலையில் அதை மாட்டிக் கையை வீசி நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், விழுந்துவிடுவார்.

இப்போது உங்கள் ஸ்விட்ச். 2017 மார்ச்சில் வந்தது. ஜாய்-கான் என்ற அதன் கைக் கன்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் ஆறு அச்சு சென்சார். ஆக்சிலரோமீட்டரின் எல்லை ஈர்ப்பைப் போல 8 மடங்கு, கைரோ வினாடிக்கு 2000 டிகிரி வரை. வீயை நிரப்பிய அதே வீச்சு இதை நிரப்பாது. 15 மில்லி வினாடிக்கு ஒரு முறை தகவல் அனுப்பும், ஒவ்வொன்றிலும் 5 மில்லி வினாடி இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் இருக்கும். சென்சாராகப் பார்த்தால் வீயை எல்லா வகையிலும் மிஞ்சுகிறது. ஆனால் இதற்குக் கண் கட்டியாகிவிட்டது. சென்சார் பார் கிடையாது, காந்தமானி கிடையாது. வலது ஜாய்-கானில் ஓர் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது, அது அடிப்பக்கம் பார்ப்பது, டிவியைப் பார்க்க வைத்ததல்ல. அதனால்தான் ஸ்விட்ச் ஆட்டங்களில் நடுவை மறுபடி பிடிக்க, அதாவது டிவிக்கு நேர் எது என்று கருவிக்குச் சொல்ல, ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இன் ஜாய்-கானில் மேசைமேல் மவுஸ் போல நகர்த்த ஒரு சென்சார் சேர்த்திருக்கிறார்கள், காற்றில் வீசும்போது அது உதவாது.

அப்படியானால் இதே ஸ்விட்சில் கைரோவை வைத்துக் குறிபார்த்துச் சுடும் பிள்ளைகள் எப்படி அவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கே திருத்துவது மனிதனின் கண். குறி கொஞ்சம் இடப்பக்கம் வழுவினால் ஆடுபவர் அறியாமலேயே கையை வலப்பக்கம் அசைத்துவிடுவார். கைரோ வழுவிக்கொண்டே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பௌலிங்கில் அது நடக்காது. கை போய்விட்டது, பந்து போய்விட்டது, நடுவில் திருத்த நேரம் இல்லை. சென்சாரில் இருக்கும் பிசகு அப்படியே திரையில் வந்து விழும். ஒரே கருவி ஓர் ஆட்டத்தில் அற்புதம், இன்னொன்றில் மோசம் என்று இரண்டு பேர் சொன்னால் இரண்டு பேரும் உண்மையைச் சொல்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் பந்துக்கு நான் நான்கு காரணம் நினைக்கிறேன், நேரில் பார்க்காமல் சொல்வதால் எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பந்து கையை விட்டு நேராகக் கிளம்பி, பாதி தூரத்தில் இடப்பக்கம் வளைந்தால் அது பழுதே அல்ல. வலக்கைக்காரர் கையை வீசும்போது மணிக்கட்டு இயல்பாக உள்பக்கம் சுழலும், உண்மையான பௌலிங் தளத்திலும் அவர்கள் பந்து வலமிருந்து இடமாகத்தான் வளையும். வீயில் கைரோ இல்லாததால் வீசும் வேகத்தில் ஈர்ப்பும் வீச்சும் கலந்து, அந்தச் சுழற்சி மங்கலாகத்தான் தெரிந்தது. ஸ்விட்ச் அதைத் தெளிவாகப் பார்த்துவிடுகிறது. புதியது துல்லியமாக இருப்பதால்தான் அப்பாவுக்குத் தவறாகத் தெரிகிறது. கட்டைவிரல் கடைசிவரை மேல்நோக்கியே இருக்கும்படி வீசச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது, கிளம்பும்போதே இடப்பக்கம் கிளம்புகிறது, நேரம் ஆக ஆக அதிகமாகிறது, நடுவை மறுபடி பிடித்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது என்றால் அது கைரோவின் வழுவல். மூன்றாவது, முதல் பந்தில் இருந்தே ஒரே அளவு இடப்பக்கம் என்றால், நடுவைப் பிடிக்கும் நேரத்தில் அவர் டிவிக்கு நேராக நிற்காமல் கோணலாக நின்றிருக்கலாம். நான்காவதைப் பலர் அசைவுப் பழுது என்று நினைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். உருட்டும் முன்பே, யாரும் தொடாமல், நிற்கும் இடமோ குறியோ மெல்ல இடப்பக்கம் நகர்ந்தால் அது கட்டைவிரல் குச்சியின் உள்ளே கார்பன் படலம் தேய்ந்தது. கைரோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, குச்சியை மாற்ற வேண்டும்.

வழுவலைச் சோதிப்பது எளிது. ஜாய்-கானை மேசையில் வைத்து, கைரோவில் குறி நகரும் ஏதாவது ஓர் ஆட்டத்தைத் திறந்து, கைபடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். குறி நின்ற இடத்திலேயே நின்றால் பூச்சியம் சரி. மெல்ல நழுவினால் அமைப்புகளில் கன்ட்ரோலர், சென்சார் பகுதிக்குப் போய் அசைவு அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஜாய்-கானைச் சமமான, ஆடாத பரப்பில் வைக்க வேண்டும். மெத்தை, பாய், ஆடும் சாப்பாட்டு மேசை எதுவும் ஆகாது. நான் தரை ஓட்டின் மேலேயே வைப்பேன். குளிர்சாதன அறையில் இருந்து எடுத்துவந்த உடனே செய்யாதீர்கள், ஹாலில் ஐந்து பத்து நிமிடம் ஆடிவிட்டு, சிப்பின் வெப்பம் நிலையான பிறகு செய்யுங்கள். இந்த வகை சிப்பில் ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கு வினாடிக்கு 0.05 டிகிரி அளவுக்குப் பூச்சியம் நகர்வது சாதாரணம். 8 டிகிரி மாறினால் நிமிடத்துக்கு 24 டிகிரி. மென்பொருள் இதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், எல்லாவற்றையும் பிடிக்காது. மற்ற ஜாய்-கானைக் கொடுத்தும் ஒரு தடவை ஆடச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் சந்தேகத்தைக் கருவியில் இருந்து கைக்கு மாற்றுங்கள்.

தாமதத்தையும் பாருங்கள், ஏனென்றால் பலர் தாமதத்தைத்தான் துல்லியமின்மை என்று உணர்கிறார்கள். கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டப் பதிவு இருந்தால் அப்பாவின் கையும் டிவியும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். கை அசையத் தொடங்கிய படத்துக்கும் திரை அசையத் தொடங்கிய படத்துக்கும் இடையே எண்ணுங்கள், ஒரு படத்துக்கு சுமார் 4 மில்லி வினாடி. 30 படத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி டிவி. படத்தை மெருகேற்றும் வேலைக்கு அது நேரம் எடுத்துக்கொள்கிறது. டிவி அமைப்பில் விளையாட்டு நிலை என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். கன்சோலை மாற்றுவதைவிட இந்த ஒரு பட்டன் அதிக வித்தியாசம் செய்த வீடுகள் எனக்குத் தெரியும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரடியாகச் சொன்னால், கை இருக்கும் இடத்துக்கு விஆர் 2, டிவிக்கு முன் நின்று ஆடுவதில் மூவ். திரையில் ஓர் இடத்தைச் சுட்டி அது நிலைத்து நிற்பதற்கு இன்றும் பழைய வீ. வேகமான அசைவைத் தவறவிடாமல் பிடிப்பதற்கு ஸ்விட்ச். முழு உடம்புக்குக் கைனெக்ட். மூவுக்கும் மோஷன் பிளஸ் போட்ட வீக்கும் இடையே வாள்வீச்சில் எது மேல் என்பதில் என் தீர்ப்பு உறுதியானதல்ல, இரண்டையும் ஒரே ஆட்டத்தில் வைத்து நான் ஒப்பிட்டதில்லை. துல்லியத்துக்காக என்று பழைய மூவையோ கைனெக்டையோ தேடிப் பணம் செலவழிக்காதீர்கள், அப்பா ஆடும் அதே பௌலிங் ஆட்டம் அவற்றில் இல்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அப்பா வலக்கையா, இடக்கையா? மேலே சொன்ன முதல் காரணம் வலக்கைக்காரருக்கு மட்டும்தான் பொருந்தும். இடக்கைக்காரரின் இயல்பான வளைவு வலப்பக்கம் போகும். அவர் இடக்கை என்றால், இடப்பக்கம் போகும் பந்துக்கு நான் நேராகக் கைரோவைத்தான் சந்தேகிப்பேன், தரை ஓட்டின் மேல் வைத்து அளவுத்திருத்தம் செய்வதில் இருந்து தொடங்குங்கள்.